ஒரு ரைடு பாக்கி

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லோருமே அவசரத்தோடுதான் வருவார்கள். காலையில் வந்து இறங்கி, ஐந்தாறு கோயில், ஒரு புடவைக் கடை, நடுவில் ஒரு சாப்பாடு என்று முடித்துக்கொண்டு சாயங்காலம் ஊர் திரும்பியாக வேண்டும். அப்படி வருகிறவர்களை வேனில் ஏற்றிக் காஞ்சிபுரத்தைச் சுற்றிக் காட்டுவதுதான் அப்பாவின் தொழில். நடை சாத்துவதற்குள் எந்தக் கோயிலை முடிப்பது, சாத்தியிருக்கிற நேரத்தில் எந்தக் கடையில் கொண்டுபோய் உட்காரவைப்பது, மறுபடி நடை திறந்ததும் எந்த வாசலில் இறக்கிவிடுவது எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வந்தவர்கள் சாமியை நின்று கும்பிட்டார்களோ இல்லையோ, ஒரு கோயில் விட்டுப்போச்சு என்று யாரும் அவரைக் குறை சொன்னதில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய், ஒரே இடத்துக்கு வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போக ஒரு பாஸ் வாங்கித் தரச் சொல்லி நச்சரித்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள்தான் இந்த நோயை எனக்கு ஒட்டவைத்தாள். கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கிற தீம் பார்க்குக்கு அவள் வீட்டில் எல்லோருக்கும் வருஷ பாஸ் எடுத்திருந்தார்கள். போட்டோ போட்ட அந்த அட்டையை நீல நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். நினைத்தபோதெல்லாம் போகலாமாம். அங்கே இருப்பதிலேயே பெரிய ரோலர் கோஸ்டரின் உச்சிக்குப் போனால் கடல் தெரியுமாம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் பாஸ், எழுந்தால் பாஸ். வீட்டுப்பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் முகத்தை வரைந்து, சுற்றிக் கட்டம் போட்டு, ஓட்டை போட்டு நாடா கோத்தும் பார்த்தேன். முகம் என்னைப் போல வராததுதான் குறை.

எங்கள் வீட்டில் நான்கு பேரும் சேர்ந்து ஓர் இடத்துக்குப் போவதென்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை. அம்மா பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்த்தாள். முகூர்த்த மாதங்களில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிற மாதங்களில் அப்பாவின் வேன் நிற்காது. அந்தப் புரட்டாசியில்தான் அதிசயமாக இரண்டும் ஒத்துவந்தன. கல்யாணம் இல்லாத மாதம், கடையில் லீவு கொடுத்தார்கள். எனக்கும் தம்பிக்கும் காலாண்டு விடுமுறை. பெருமாள் கோயிலில் கூட்டம் அலைமோதுகிற மாதத்தில் வேன் ஏன் வாசலில் சும்மா நிற்கிறது என்று நான் யோசிக்கவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் தம்பி ஒரு தரம் வாந்தி எடுத்தான். அவனுக்கு ஆறு வயது. வேனில் எத்தனையோ பேர் வாந்தி எடுத்துப் பார்த்த அப்பா, ஒரு எலுமிச்சம்பழத்தை அவன் கையில் திணித்துவிட்டு வண்டியை நிறுத்தாமலே ஓட்டினார். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று, கட்டி எடுத்துவந்த புளிச்சோற்றைக் காலை எட்டரைக்கே வேனில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தோம்.

நுழைவாயிலில் ஒரு போர்டு இருந்தது. இன்று வாங்கிய டிக்கெட்டை இன்றைக்கே பாஸாக மாற்றிக்கொண்டால் டிக்கெட் பணத்தைக் கழித்துக்கொள்வார்களாம். வெளியே போவதற்குள் கவுன்டருக்கு வர வேண்டுமாம். அதை நான் மூன்று தடவை சத்தமாகப் படித்தேன்.

“காஞ்சிபுரத்தையே ஒரே நாள்ல காட்டி அனுப்பிக்கினு இருக்கேன். இத்த முடிக்க மாட்டனா?” என்றார் அப்பா. “எல்லாத்தையும் இன்னிக்கே பாத்துட்டா அப்புறம் பாஸு இன்னாத்துக்குமா?”

“பாக்க முடியலன்னா?”

“ஒண்ணே ஒண்ணு பாக்கி நின்னா கூட வாங்கித் தரேன். போதுமா?”

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அதைக் கவனிக்காதவர் போல, வாசலில் கொடுத்த மேப்பை வேனின் பானெட்டில் விரித்து, பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு ரைடுக்கும் நம்பர் போட ஆரம்பித்தார். வெயில் ஏறுவதற்கு முன் திறந்தவெளியில் இருப்பவை, உச்சி வெயிலில் தண்ணீர், கூட்டம் சாப்பிடப் போகிற நேரத்தில் நீள வரிசை நிற்கிறவை. பெரிய ரோலர் கோஸ்டருக்குக் கடைசி நம்பர். மூலவர் தரிசனம் கடைசியில்தான் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மேப்பைப் பார்த்தவுடனே, இந்த மனிதர் முடித்துவிடுவார் என்று தெரிந்துவிட்டது.

உள்ளே நுழைந்ததும் நான் என் வேலையைத் தொடங்கினேன். முதல் ரைடு முடிந்ததும் செருப்பு வார் கழன்றது. இரண்டாவது முடிந்ததும் ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நூறு வரைக்கும் எண்ணினேன். வயிற்றுவலி என்றேன். ஓம வாட்டர் பாட்டில் அம்மாவின் பையிலேயே இருந்தது. அப்பா விடாக்கண்டன் என்றால் நான் கொடாக்கண்டன். நாங்கள் ஒன்றில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்த ரைடின் வரிசையில் போய் நின்றிருப்பார். நாங்கள் வந்து சேரும்போது எங்கள் முறை தயாராக இருக்கும். நாங்கள் ஏறுவோம், அவர் அதற்கடுத்ததுக்கு ஓடுவார். சட்டை வியர்வையில் நனைந்து, தண்ணீர்ப் பக்கம் போனபோது அதிலும் நனைந்து, முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மதியம் வரைக்கும் அவர் ஒரு ரைடில்கூட ஏறவில்லை. அதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. கொடுத்த டிக்கெட் காசை வசூல் பண்ணாமல் விடமாட்டார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

நடுவில் தம்பியை ஓர் உயரக் கம்பத்தில் நிறுத்தி அளந்தார்கள். நான்கு விரல்கடை குறைவு. அவன் அழ ஆரம்பித்தான். நான் குதித்தேன்.

“பாத்தியாப்பா, தம்பி வளந்தப்புறம் வரணும்ல? அதுக்கு பாஸு வேணும்ல?”

“அவன் வளர்றப்ப பாத்துக்கலாம். அது பாக்கியில சேராது,” என்று சொல்லிவிட்டு அப்பா மேப்பில் ஒரு டிக் போட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், எனக்கு ஒவ்வொன்றும் பிடித்திருந்தது. பந்தியில் உட்கார்ந்துகொண்டு விரதம் இருக்கிறவள் நிலைமை. அலை அடிக்கிற குளத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன். அதே நேரம், இருந்தால் நேரம் வீணாகும், அதுவும் நல்லதுதான் என்று இன்னொரு பக்கம் கணக்கு ஓடியது. எதிலும் முழுசாக இருக்க முடியவில்லை. சுற்றுகிற ராட்டினத்தில் தலைகீழாகத் தொங்கும்போதுகூட, அப்பா எந்த வரிசையில் நிற்கிறார் என்றுதான் தேடினேன்.

மணி ஐந்து ஆவதற்குள் மேப் முழுக்க டிக். பாக்கி ஒன்றே ஒன்று.

அந்த வரிசை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனது. என் உயரத்துப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் ஏறியே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மாவுக்குத் திருவிழா ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றும். “இதுல நானும் வரேன்,” என்றார் அப்பா. பர்ஸ், போன், கண்ணாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். கடைசியில் வேன் சாவியையும் கொடுத்தார். தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் சாவி அது. சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டு, தலையைத் தூக்கி மேலே ஏறுகிற பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடி இல்லாத அவர் முகம் யாரோ ஒரு பையனுடையது போல இருந்தது.

முக்கால் மணி நேரம் நின்றோம். நான் ஒரு காலில் நின்றேன், மறுகாலுக்கு மாறினேன், கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். ஏறினால் இன்றோடு முடிந்தது. ஏறாவிட்டால் வருஷம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். ஒரு தடவையா, நூறு தடவையா? எனக்குக் கணக்கு நன்றாக வரும்.

எங்கள் முறை வந்தது. பெட்டி வந்து நின்றது. அப்பா ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

“எனக்கு பயமா இருக்குதுப்பா. வேணாம்.”

அவர் திரும்பிப் பார்த்தார். “நெஜமாவா?” என்று கேட்டார். கொஞ்சம் குனிந்து, “கண்ண மூடிக்கோ, நான் பிடிச்சிக்கிறேன்,” என்றார். நான் கையை நடுங்கவைத்துக் காட்டினேன். அது ரொம்பச் சுலபமாக வந்தது. சீட் பெல்ட் மாட்டுகிற ஆள், “பாப்பா இங்க நிக்கட்டும் சார், நான் பாத்துக்கிறேன், நீங்க ஏறுங்க,” என்றான். அப்பா அந்த இருக்கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு உள்ளே வைத்த காலை வெளியே எடுத்துவிட்டு, “பரவால்லபா, கொழந்தைய வுட்டுட்டு எப்பிடி,” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வழியாக இறங்கினார். இறங்கும்போது எங்கள் தலைக்கு மேலே அந்தப் பெட்டி கூச்சலோடு போனது. நான் படிக்கட்டிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

“ஒண்ணு பாக்கிப்பா.”

அப்பா நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் கை அதற்குள் நடுக்கத்தை மறந்துபோயிருந்தது. அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் திட்டவில்லை. “சரி, பேச்சுன்னா பேச்சுதான்,” என்று சிரித்துவிட்டு நேராக கவுன்டருக்குப் போனார்.

“ஒரு பெரியவங்க, ரெண்டு பசங்க,” என்றார் உள்ளே இருந்த பெண்ணிடம்.

“உங்களுக்கு சார்?”

“எனக்கு வேணாம்மா.”

அம்மா பக்கத்தில் வந்து தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். “நான் எங்க வரப்போறேன்? நீங்க போய்ட்டு வாங்க,” என்றார் அவர். கஞ்சம், தனக்கு ஒன்று எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். ஆனாலும் போட்டோவுக்கு உட்காரும் அவசரத்தில் அதை மறந்துவிட்டேன். அப்பா சட்டைப் பையில் இருந்து சீப்பை எடுத்து என் ஈரத் தலையை வாரிவிட்டார். படம் என்னைப் போலவே வந்தது. வீடு வரும்வரை அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றவில்லை.

விடுமுறை முடிவதற்குள் வேனை முசரவாக்கத்தில் இருந்து ஒருவர் வந்து விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் போனிலேயே கார் பிடித்துக்கொள்கிறார்கள், வேனுக்கு ஆள் இல்லை என்று அம்மா சொன்னாள். அப்பா ஒரு பையில் நான்கு சட்டையை எடுத்துக்கொண்டு டிரெய்லர் ஓட்டப் போனார். ஒரகடத்தில் செய்கிற புதுக் கார்களை மேலும் கீழுமாக அடுக்கி வடக்கே கொண்டுபோகிற வண்டி அது. போனால் வர ஒரு மாதம் ஆகும். வந்தால் இரண்டு நாள் தூங்குவார், மூன்றாம் நாள் போய்விடுவார்.

பாஸை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரே ஒரு முறைதான் போனோம். அரையாண்டு விடுமுறையில், மார்கழியில், மூன்று பஸ் மாறி. தம்பி ஒவ்வொரு பஸ்ஸிலும் வாந்தி எடுத்தான். நான் நேராகப் பெரிய ரோலர் கோஸ்டருக்கு ஓடினேன். கூட ஏறப் பெரியவர் யார் என்று கேட்டார்கள். அம்மாவைப் பார்த்தேன். அவள் மேலே ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சினேன், அழுதேன், அங்கிருந்த ஆளிடம் சண்டைகூடப் போட்டேன். நடக்கவில்லை. ஏற்கனவே ஏறியவற்றிலேயே மறுபடியும் ஏறிவிட்டு, மூன்று பஸ் மாறித் திரும்பி வந்தோம்.

அடுத்த நாள் சாயங்காலம் அப்பா போன் பண்ணினார். நாக்பூர் தாண்டி ஏதோ ஒரு தாபாவில் வண்டியை நிறுத்தியிருந்தார்.

“அந்தப் பெருசுல ஏறினியாமா?”

இல்லை என்றால் பாஸ் தண்டம் என்று ஆகிவிடும். அடம்பிடித்து வாங்கியவள் நான். தம்பியின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, “ஏறிட்டேம்பா,” என்றேன்.

“எப்பிடி இருந்துச்சு?”

“சூப்பரா இருந்துச்சு.”

அதோடு விடுவார் என்று பார்த்தேன். விடவில்லை. மேலே போய் நிற்குமே, அங்கிருந்து என்ன தெரிகிறது என்றார். கடல் தெரியுது என்றேன், பள்ளிக்கூடத்தில் கேட்டதை வைத்து. அலை தெரிகிறதா என்றார். தெரியுது என்றேன். இறங்கும்போது வயிறு என்ன ஆகிறது, காற்று முகத்தில் எப்படி அடிக்கிறது, எத்தனை தரம் தலைகீழாகப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தத்துக்கு நடுவில், நான் நிறுத்தும்போதெல்லாம் “அப்புறம்?” என்றார்.

டிவியில் நான் பார்க்கிற நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டிருந்தது. ஏறியது நான், இவருக்கு எதற்கு இத்தனை கேள்வி என்று எரிச்சலாக வந்தது. “அவ்ளோதாம்பா,” என்று சொல்லி போனைத் தம்பியிடம் தள்ளிவிட்டு டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.