அம்மா திட்டிய நட்சத்திரம்

போன வாரம் பள்ளிப் பியூன் சைக்கிளில் வந்து, இறங்காமலே சொன்னார்: "சவரிமுத்து சார் தவறிட்டாரு சார். நெஞ்சுவலியாம்." திண்டுக்கல்லில் என்னோடு வேலை பார்த்த விஞ்ஞான ஆசிரியர், ஐம்பதைக்கூடத் தொடவில்லை. எதைச் சொன்னாலும் "நீங்களே பாத்தீங்களா, யாரும் சொல்லிக் கேட்டீங்களா?" என்பார். அவரோடு சண்டை போடாத ஆசிரியர் எங்கள் பள்ளியில் இல்லை, நானும்தான்.

கோடையில் எங்கள் நாகல் நகரில் வீட்டுக்குள் படுக்க முடியாது. இருட்டியதும் தெருவே மொட்டை மாடிக்கு ஏறிவிடும். என் தங்கை பாக்கியம் மட்டும் வர மாட்டாள். செவ்வாய் தோஷம் என்று வந்த வரனெல்லாம் தட்டிப்போயிருந்தது. தென்கிழக்கில் சிவப்பாக ஒன்று எழும்பும். அதுதான் செவ்வாய் என்பது அம்மாவின் தீர்ப்பு. "வருசா வருசம் கல்யாண மாசத்துல வந்து நிக்கிறான் பாரு, பாவி" என்று வைவார். அது கண்ணில் படக்கூடாதென்று தங்கை புழுக்கத்திலேயே கிடப்பாள்.

ஒரு மே மாதம் சாப்பிட வந்த சவரிமுத்து சாரிடமும் அம்மா அதைக் காட்டிப் புலம்பினார். அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "அது செவ்வாய் இல்லம்மா. கேட்டை நட்சத்திரம். வருசா வருசம் இதே மாசம் இதே எடத்துல நிக்கிறது கிரகமா இருக்காது. கிரகம் நடக்கும்."

"அப்ப அவன் எங்கிட்டு இருக்கான்?"

உச்சிக்கு மேற்கே, மக நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் துடிக்காமல் எரிந்த செம்புள்ளியைக் காட்டினார். போன கோடையில் மாலை வானத்தில் அது இல்லவே இல்லை என்றார்.

அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இம்புட்டு வருசமா யாரையோவா வஞ்சுக்கிட்டு இருந்தேன்?" என்றவர், படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "ஏ பாக்கியம், மேல வா. அது வேற யாரோவாம்" என்று கூப்பிட்டார். அவள் தலையணையோடு வந்தாள்.

வழியனுப்பும்போது, தோஷமே பொய் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சது அது பேரு. மிச்சத்தைத் தங்கச்சி பாத்துக்கும்" என்றார்.

பார்த்துக்கொண்டாள். செவ்வாய் மகத்தை விட்டு நகர்வதை அவளே தினமும் கவனித்தாள். அடுத்து ஒட்டன்சத்திரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களும் தோஷப் பேச்சை எடுத்தார்கள். இருட்டியதும் அவள் மாப்பிள்ளையின் அப்பாவை முற்றத்துக்குக் கூப்பிட்டு, "செவ்வாய் எதுன்னு காட்டுங்க மாமா" என்றாள். அவர் கேட்டையைக் காட்டினார். "அது கேட்டை மாமா" என்று அவள் மேற்கே செவ்வாயைக் காட்டினாள். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "எங்களுக்கே எதுன்னு தெரியலீங்களே, அப்புறம் எதுக்குங்க அந்தப் பேச்சு?" என்றார். அந்த ஆவணியில் கல்யாணம் நடந்தது.

கல்லறைத் தோட்டத்துக்குப் பாக்கியம் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "எனக்கு அவரு ஒன்னுமே செய்யலண்ணே. அது எதுன்னு மட்டுந்தான் சொன்னாரு" என்று சொல்லி அழுதாள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதும் அதைத்தான்: எதைக் கண்டாவது பயம் வந்தால், வெளியே போய் அது எது என்று பார்த்துவிடுகிறேன்.