கடைசி இடத்தில் எங்கள் முதல் ஆல்பம்

எங்கள் முதல் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டில், கிட்டார் சற்று ஓயும் இடத்தில், முத்துமாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி மெலிதாகக் கேட்கும். மாத்தளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் பின்னறையில் அதைப் பதிவு செய்தோம். சுவரெல்லாம் மெத்தைகளைச் சாத்தி வைத்தும் சத்தம் உள்ளே வந்துவிட்டது. திரும்ப எடுக்கலாம் என்றேன். "இருக்கட்டும் மச்சான், நம்ம ஊர்ச் சத்தந்தானே" என்று சிரித்தாள் பாடியவள். அவள் என் அத்தை மகள். நாங்கள் நாலு பேர் சேர்ந்து தமிழில் ராக் இசைத்த காலம் அது. சினிமாப் பாட்டு வாசிக்கமாட்டோம் என்று பிடிவாதம் பிடித்ததால் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் எங்களை யாரும் கூப்பிடவில்லை.

நான் பேஸ் கிட்டார் வாசித்தேன். ட்ரம்ஸ் வாசித்தவர் வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ட்ரம்ஸ் அண்ணன். ஆல்பம் வெளிவந்த கையோடு எனக்கு யட்டவத்தயில் அரசாங்க வேலை கிடைத்தது. அப்பா படுக்கையில் கிடந்தார். இசையை விட்டுவிட்டேன். அண்ணன் இரண்டாவது ஆல்பத்தோடு நிறுத்திக்கொண்டு சீகிரியாவில் த்ரீவீலர் ஓட்டப் போனார். அத்தை மகள் மட்டும் கொழும்புக்குப் போய், புது ஆட்களைச் சேர்த்து இன்னும் மூன்று ஆல்பம் போட்டாள்.

அண்மையில் ஓர் இணையத்தளத்தில் அவளுடைய பேட்டி வந்திருந்தது. ஐந்து ஆல்பங்களையும் சிறந்ததிலிருந்து மோசமானது வரை வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். நாலாவது ஆல்பம் முதலிடம். எங்கள் முதல் ஆல்பம் கடைசி. "தாளம் நிலையாக நிற்காது. இப்போது கேட்கவே கூச்சமாக இருக்கிறது" என்று காரணமும் சொல்லியிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த நாலாவது ஆல்பத்தில் ஒரு பிசிறு இல்லை, உண்மைதான். யார் வாசித்தார்கள், எந்த ஊரில் இருந்து வாசித்தார்கள் என்பதற்கும் அதில் ஒரு தடயம் இல்லை. அதைவிட, ஊரை விட்டுப் போனவள் அண்ணனை இப்படி நாலு பேர் முன் அவமானப்படுத்தலாமா என்று கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சீகிரியாவுக்கு பஸ் ஏறினேன்.

அண்ணன் ஒரு மர நிழலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேட்டியை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"அவ சொன்னது சரிதானே தம்பி? ரெண்டாவது பாட்டுல நான் முன்னால ஓடுறேன், நீங்கெல்லாம் பின்னால தொரத்திட்டு வர்றீங்க" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உங்களுக்குக் கோவமே வரலியா அண்ணே?"

"எனக்கு எதுக்குக் கோவம்? ரெண்டாவது ஆல்பத்த ரெண்டாவது எடத்துல வச்சிருக்காளே, அதுலயும் நான்தானே வாசிச்சேன்?" துணியை உதறினார். "கோவம் உங்களுக்குத்தான் தம்பி. அத ஏன் என் பேர்ல சொமந்துட்டு வர்றீங்க?"

அதற்குள் இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து வண்டியை வாடகைக்குக் கேட்டார்கள். அண்ணன் கிளம்பிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் அவர்மீதும் எரிச்சல் வந்தது. எனக்காகவாவது ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அன்று மாலையே அத்தை மகளுக்குப் போன் செய்தேன். சுகம் விசாரிக்கக்கூட இல்லை.

"அஞ்சுல அந்த ஒண்ணுலதான் நான் இருக்கேன். அது தெரிஞ்சுதான் கடைசில வச்சியா?"

"தெரியும் மச்சான். உங்களுக்காக ஒரு எடமாவது மேல ஏத்தலாமான்னு பார்த்தேன். மனசு ஒப்பல" என்றாள். பிறகு, கோபமே இல்லாத குரலில், "நீங்க இன்னொரு ஆல்பத்துக்கு இருந்திருக்கலாம். அப்பதான் உங்களுக்குக் கை நல்லா வந்துட்டிருந்துச்சு" என்றாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அது அவளுக்குத் தெரியாததா? "சரி, வேலைக்கு நேரமாச்சு" என்று போனை வைத்துவிட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது அப்புறந்தான் உறைத்தது.