தீர்த்தகிரி மாமா வெட்டிய கூறைச்சேலை

என் அக்கா அத்தாயியின் வீட்டுக்காரர் தீர்த்தகிரி மாமா, முப்பத்தெட்டு வருஷம் நாமக்கல்லில் லாரிப் படுதா தைத்தவர். சரக்கு நனையாமல் மேலே மூடுகிற அந்தக் கனத்த துணியைப் பட்டறைத் தரை முழுக்க விரித்து, அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெழுகு தடவிய முரட்டு நூலால் குத்துவார். இன்றைக்கும் எங்கேயாவது மெழுகு வாசம் வந்தால் எனக்கு அந்தப் பட்டறையும் அங்கே சதா பாடிக்கொண்டிருந்த ரேடியோவும்தான் ஞாபகம் வரும். அந்த நாட்கள் திரும்பி வராதா என்று இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூட்டுவலி வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். சும்மா இருக்கிற மனுஷனா? அக்கா பூரிக்கட்டை எங்கே வைக்க வேண்டும் என்பது வரைக்கும் யோசனை சொல்ல ஆரம்பித்தார். பொறுக்க முடியாமல் என் மகள் இனியா, வெளிநாட்டுப் பெண்கள் துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைக்கும் வீடியோவைக் காட்டினாள். மாமா மூன்று தடவை பார்த்துவிட்டு, "இந்த வேலையத்தான நான் ஆயுசு பூரா பண்ணுனேன்" என்றார்.

முதல் போர்வையில் ஒவ்வொரு தையல் மடிப்பும் கீழ்ப்பக்கமாகவே இறங்கியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"மழத்தண்ணி வடியோணுமில்ல மாப்ள."

"ஊட்டுக்குள்ள ஏது மாமா மழ?"

"கை கேக்க மாட்டேங்குது" என்றார்.

நாலு மூலையிலும் கயிறு கட்டப் பித்தளை வளையம் வேறு அடித்திருந்தார். இனியா அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் ஒரு தையல் குழுவில் போட்டாள். சுவரில் மாட்டுவதற்கு என்ன அழகாக யோசித்திருக்கிறார் என்று பெங்களூரிலிருந்து ஒரு அம்மாள் பாராட்டியிருந்தார். நான் ஒரு வாரம் சிரித்தேன். மாமாவோ அதற்கப்புறம் கலைஞராகவே ஆகிவிட்டார். சணலைச் சாயத்தில் முக்கினார், பழைய கயிற்றைப் பிரித்துத் துணிமேல் வைத்துத் தைத்தார். அதில் ஒரு போர்வை, துவைத்தபோது தண்ணீரைக் குடித்து, இரண்டு பேர் சேர்ந்து தூக்கியும் கொடிக்கு ஏறவில்லை.

போன ஆடியில்தான் அந்தத் தப்பு நடந்தது. கட்டில் மேல் இருக்கிற பழைய சேலைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அக்கா சந்தைக்குப் போய்விட்டாள். பெட்டியிலிருந்து எடுத்து வெயில் காட்டிய தன் கூறைச்சேலையையும் அதே கட்டிலில்தான் போட்டிருந்தாள். கல்யாணத்தன்று கட்டியது. மாமாவுக்கு எல்லாமே துணி. ஓரத்தில் முரட்டு நூலால் தைத்திருந்த ஒரு கிழிசலைப் பார்த்து, "கை வெளங்காதவன் எவனோ தெச்சிருக்கான்" என்று நறுக்கிக் குப்பையில் போட்டார். பக்கத்தில் இருந்த நானும் சிரித்தேன். அக்கா வந்து பார்க்கும்போது சேலை முப்பது துண்டாகியிருந்தது, குப்பை வண்டியும் போயிருந்தது.

அக்கா அழவில்லை, திட்டவில்லை. அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். பேச்சு மட்டும் என் வழியாகத்தான். "உங்க மாமாவைக் குளிக்கச் சொல்லு தம்பி" என்று அவர் காதுபடவே போனில் சொல்வாள்.

மாமா ஆடிப்போய்விட்டார். அவளைப் பேச வைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்தத் துண்டுகளையே வைத்து நாலு மாதம் ஒரு போர்வை தைத்தார். அரக்குச் சிவப்பில் கரடும் குன்றும், நடுவே ஜரிகையில் வளைந்து போகும் ரோடு. அவர் செய்ததிலேயே அழகானது அதுதான், சத்தியமாகச் சொல்கிறேன். இனியா உடனே படம் பிடிக்க வந்துவிட்டாள். மாமா போர்வையைக் கூடத்தில் விரித்துவிட்டு, என்னை அக்காவிடம் அனுப்பினார்.

அவள் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வந்து பாருக்கா. சேலை போனதுக்கு மனுஷன் எவ்வளவு பாடுபட்டிருக்காரு" என்றேன்.

"சேலை போனாப் போகுது. அந்தக் கிழிசலைத் தூக்கிக் குப்பையில போட்டாரே, அது யாரு தெச்சதுன்னு கேளு."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். எடப்பாடியிலிருந்து கல்யாணம் முடிந்து லாரியில் வந்து இறங்கும்போது, பின்கதவுக் கொக்கியில் சேலை மாட்டி ஒரு சாண் கிழிந்துவிட்டது. மாமியார் வீட்டில் காலே வைக்கவில்லை, அதற்குள் இப்படி. பத்தொன்பது வயதுப் பெண், நடுங்கிப்போய் நின்றாள். மாமா டிரைவர் சீட்டுக்கடியில் துழாவி ஊசியும் படுதா நூலும் எடுத்து வந்து, யாரும் பார்ப்பதற்குள் லாரி மறைவில் மண்டியிட்டுத் தைத்துக் கொடுத்தார்.

"அதுவரைக்கும் அவரு மூஞ்சியக்கூட நான் நல்லாப் பாத்ததில்ல. குனிஞ்ச தலதான் தெரிஞ்சுது. இந்த ஆளு கூட இருந்துக்கலாம்னு அப்பத்தான் தைரியம் வந்துது."

மாமா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் போய், கூடத்தில் உட்கார்ந்து, ஜரிகை ரோட்டுக்குக் குறுக்கே ஒரு சாண் நீளம் கத்தரியால் வெட்டினார். நான் கையைப் பிடித்தேன், தட்டிவிட்டார். ஊசியில் படுதா நூலைக் கோத்துக்கொண்டு, "எத்தன தையலு போட்டேன்னு கேளு மாப்ள" என்றார்.

"ஒம்பதுன்னு சொல்லு தம்பி" என்றாள், பின்னாலேயே வந்த அக்கா.

ஒன்பதும் போட்டு முடிக்கும்வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்காத தையல். இனியா வேண்டாவெறுப்பாகப் போனைத் தூக்கினாள். அக்கா போர்வையை இழுத்துத் தன் மடியில் சுருட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், மாமாவைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏனுங்க, இத மட்டும் யாருக்கும் காட்ட வேண்டாமுங்க."