திரை நிற்காமல் கோப்பைப் படிக்க வைத்தது

தொண்ணூறுகளின் பிற்பாதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் சி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்து, விடுப்பு முடிந்து, திருநின்றவூரிலிருந்து மறுபடி ரயிலேறிய முதல் வாரம் அது. அழுகை வரவில்லை. பசியும் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன்.

எங்கள் நிரலை வாங்கியிருந்த பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆபரேட்டர் வந்தார்.

“மேடம், அளவு ஃபைலத் தொறந்தா ஸ்கிரீன் அப்டியே நின்னுகினு கீது. ஒரு கீ எடுக்கல. அவசரத்துக்கு இன்னா பண்றது?”

நியாயம்தான். பட்டறையின் அளவுகள் எல்லாம் அடங்கிய கோப்பு பெரியது, டிஸ்க் மெதுவானது. படித்து முடியும்வரை நிரல் வேறெதையும் கவனிக்காமல் காத்துக் கிடந்தது. மாற்றி எழுதினேன். இனி நிரல், கோப்பைப் படிக்கும்படி சிஸ்டத்திடம் சொல்லிவிட்டு உடனே தன் வேலைக்குத் திரும்பிவிடும். திரையையும் விசைகளையும் பார்த்துக்கொண்டே, நடுநடுவே ‘முடிந்ததா’ என்று சிஸ்டத்தைக் கேட்கும்.

ஓட்டினேன். திரை நிற்கவில்லை, ஆனால் அளவுகள் எல்லாம் வெறும் பூஜ்யம். ‘முடிந்ததா’ என்ற கேள்விக்கு சிஸ்டத்தின் பதில் பூஜ்யமாக வந்தால்தான் படித்து முடிந்தது என்று அர்த்தம். நான் தலைகீழாக எழுதி, படித்தது வந்து சேரும் பஃபரை, அது நிரம்பும் முன்பே திரையில் காட்டியிருந்தேன். ஒரே வரி. அதைத் திருத்தி, மதியம் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் போட்டேன்.

கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆபரேட்டர் விசைகளைத் தட்டிப் பார்த்தார்.

“ஜோரா கீது மேடம். ரொம்ப நாளா காணோமே, ஊட்ல விசேஷம்னாங்க?”

“கலைஞ்சிடுச்சு” என்றேன். எந்த விசை எதற்கென்று சொன்ன அதே குரலில்தான் அதையும் சொன்னேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். “குந்துங்க.” நான் உட்கார்ந்ததும், “எங்க ஊட்லயும் ரெண்டு தபா ஆச்சு மேடம்” என்றார். மேஸ்திரி கூப்பிடும்வரை பக்கத்திலேயே நின்றார்.

சாயங்காலம் திருநின்றவூர் ஸ்டேஷனில் கணவர் சைக்கிளோடு நின்றிருந்தார். தள்ளிக்கொண்டே நடந்தோம்.

“புரோகிராம் ஓடுச்சா?”

“ஓடுச்சு. அந்த ஆபரேட்டர் வீட்லயும் ரெண்டு தடவை நமக்கு ஆன மாதிரியே ஆயிருக்காம்.”

அவர் நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில்கூட அழாதவர், ஏரிக்கரைச் சாலையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சைக்கிள் சாயாமல் நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.