அமாவாசையில் அளந்த கிணறுகள்

முதுகலைப் பட்டத்துக்காக நான் எழுதிய ஆய்வேடு ஸ்ரீரங்கத்துக் கிணறுகளைப் பற்றியது. பைண்டு செய்து கொடுத்தாயிற்று. வாய்மொழித் தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது. திருச்சி பெரிய கடைவீதிப் பக்கம் என் வகுப்புத் தோழியின் வீடு. அந்த மொட்டை மாடியில் அவள் தேர்வாளராக உட்கார்ந்து கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்வேன். பதில்கள் அவ்வளவு அழகாக வந்தன, எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

மூன்றாம் அத்தியாயம்தான் என் பெருமை. கோயிலை ஒட்டிய தெருவொன்றில் நீர்மட்டம் மற்ற தெருக்களைவிட இரண்டு முழம் தாழ்ந்திருந்தது. தண்ணீர் மண்ணுக்கடியில் கொள்ளிடத்துக்கு வடிகிறது என்று படம் போட்டு நிறுவியிருந்தேன்.

தோழி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தெருவுக்கு மட்டும் அளந்த தேதியெல்லாம் எங்க பள்ளிவாசல்ல பிறை பார்க்கறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முந்தியே இருக்கே. ஏன்?"

"அன்னிக்கு அமாவாசை. தர்ப்பணம் பண்ண ஆம்பளைங்க வீட்ல இருப்பாங்க. மத்த நாள் போனா பூட்டுதான்."

"அப்ப எல்லா வீட்லயும் தலைக்குக் குளிப்பாங்க, வீடு கழுவுவாங்க. நீ அளக்கப் போன காலையில மோட்டார் ஓடாதா?"

எனக்கு வந்ததே கோபம்! "நீ எந்தக் கிணத்தைக் கண்டே?" என்று சிடுசிடுத்துவிட்டு பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் வருவதற்குள் அட்டவணையை எடுத்து மறுபடி தேதிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த சனிக்கிழமை அமாவாசை. அவளைக் கூப்பிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வந்தாள். விடிவதற்கு முன் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கிணற்றை அளந்தோம். மற்ற தெருக்களின் மட்டம்தான். எட்டு மணிக்கு இரண்டு முழம் இறங்கியிருந்தது. ஒரு வருட உழைப்பு குளித்துத் துவைத்ததில் கரைந்து போனது.

ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. மோட்டார்கள் நின்ற பிறகு ஈரமாயிருந்த கிணற்று உறை வளையங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு தண்ணீர் ஏறியது. சத்தமே இல்லை. வெளியே ஆற்றில் வெறும் மணல். தெருவே சேர்ந்து இறைத்ததைப் பூமி எங்கிருந்தோ கொண்டுவந்து திருப்பி வைத்துக்கொண்டிருந்தது. மாலைக்குள் காலையில் இருந்த மட்டம். "சுப்ஹானல்லாஹ்" என்றாள் தோழி. "எல்லாம் பெருமாள் அனுக்ரஹம்" என்றார் அந்த வீட்டு மாமி. இந்தத் தண்ணீரைப் பற்றி நூறு பக்கம் எழுதியிருந்தேன், ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை.

திங்கட்கிழமை தேர்வாளர் எல்லாவற்றையும் கேட்டார், அந்த அமாவாசைத் தேதிகளைத் தவிர. மூன்றாம் அத்தியாயம் பிரமாதம் என்று பாராட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டால் பட்டம்.

"சார், அந்த அத்தியாயம் தப்பு" என்று முழுவதையும் சொன்னேன்.

"நான் கேக்கவே இல்லையேம்மா?"

"கேட்டா என்ன சொல்றதுன்னு தயார் பண்ணியிருந்தேன் சார். கேக்கலைன்னா என்ன பண்றதுன்னு யோசிக்கவே இல்ல."

பேனாவை மூடினார். "தண்ணி மறுபடி ஏற எவ்வளவு நேரம் ஆச்சு?"

இதற்கு நான் தயார் செய்யவே இல்லை. ஆனால் மணிக்கணக்காக, உறை உறையாகச் சொன்னேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"இதை எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது."

வெளியே காத்திருந்த தோழியிடம் பட்டம் தள்ளிப்போனதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவள்தான் அழுதாள்.