டாக்டரம்மா கேட்ட சக்கர்

மலேசியாவில் பிறந்து வளர்ந்த எனக்கு, தாராவி மருமகளான பிறகும் கொஞ்சம் திமிர் மிச்சமிருந்தது. எங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்கில் ஏசியில் உட்கார்ந்தால் போதும், திரையில் நம்பர் வரும் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். இங்கே முனிசிபல் ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் என்கிற சீட்டு எடுக்கவே பெரிய வரிசை. பெஞ்சில் மூன்று பேர் இருந்தாலும் லோக்கல் டிரெயினில் செய்வதுபோல நகர்ந்து நாலாவது ஆளுக்கு இடம் கொடுக்கிறார்கள். என் ஆறு மாத வயிற்றைப் பார்த்ததும் மூன்று பெண்களும் எழுந்தே விட்டார்கள்.

உள்ளுக்குள் எனக்கு ஒரே பயம். முதல் கரு கலைந்துபோயிருந்தது. இதுவாவது தங்க வேண்டும்.

கூட வந்தவள் என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. தாராவியிலேயே பிறந்தவள், வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். சின்ன வயது டாக்டரம்மா, மராத்திக்காரர். "சக்கர் ஆத்தா ஹை?" என்று கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாங்கள் இனிப்பு நீர் என்னும் வியாதியைப் புகுந்த வீட்டில் சக்கரை என்பார்கள் என்று அப்போதுதான் கற்றிருந்தேன். "நஹி, நஹி. அம்மா நஹி, அப்பா நஹி, ஃபேமிலியில யாருக்குமே நஹி" என்றேன். டாக்டரம்மா விழித்தார். பிறகு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அதற்குள் வாசலிலேயே கேட்டுவிட்ட ஓரகத்தி உள்ளே வந்துவிட்டாள். "ஏளா, தல கிறுகிறுன்னு வருதான்னு கேக்காவ. காலையில அடுப்படியில சொவரப் பிடிச்சிக்கிட்டு நின்னவ யாரு?"

அவள் அதை இந்தியில் எடுத்துச் சொன்னதும் டாக்டரம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தம் ரொம்பக் குறைவு, இப்படியே விட்டால் பிள்ளைக்கும் ஆபத்து என்றார். அன்றே வார்டில் படுக்கவைத்து இரும்புச்சத்து ஏற்றினார்கள். நான் அழுதேன். ஓரகத்தி திட்டிக்கொண்டே என் காலை அமுக்கிவிட்டாள்.

விஷயம் தெரிந்ததிலிருந்து அம்மா தினமும் போன் செய்து, பிரசவத்துக்கு ஊருக்கு வந்துவிடு என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா என்னைக் கண்டதும் சிரித்துவிட்டார். ஓரகத்தியிடம் ஏதோ கேட்டு உறுதி செய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கிறுகிறு?"

"நஹி டாக்டர். சக்கர் நஹி."

வயிற்றில் கருவியை வைத்து, துடிப்பு எனக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார். அதைக் கேட்டபோது எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று மாலை அம்மாவை நானே கூப்பிட்டேன். இங்கேயே பெற்றுக்கொள்கிறேன், நீங்கள் வாருங்கள் என்றேன். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள் என்றும் சொன்னேன்.