வேலியோரம் விளைந்த கிழங்கு

இந்த அஞ்சலியை எழுத எனக்கு என்ன உரிமை என்று தயங்கினேன். நம் விடுதியில் தங்கிப் படித்தவர்களில் என்னைவிட மூத்தவர்கள் பலர் இருக்கிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். அயோத்தியாப்பட்டணத்தில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அம்மாபேட்டை சரசு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "நல்லம்மாள் அக்கா தவறிட்டாங்க" என்றாள். விடுதிக் காப்பாளர் என்று அவரை நாம் யாரும் நினைத்ததில்லை. அக்காதான்.

ஆடு நுழையாமலிருக்க அவர் வேலியோரம் தண்ணீர்விட்டான் கொடியை நட்டிருந்தார். தொட்டால் கையைக் கீறும் முள். யுத்த காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான், அதனடியில் கொத்துக்கொத்தாகக் கிழங்கு இருப்பதைக் காட்டினார். ஒரு பக்கம் மட்டுமே தோண்ட விடுவார். மறுபக்கத்து வேரில் கொடி பிழைத்துக்கொள்ளும்.

முதல் நாள் கிழங்கின் நடு நரம்பை உருவாமல் வேகவைத்துவிட்டோம். மென்று மாளவில்லை.

"என்னக்கா, பாவு நூலையா வேக வெச்சீங்க?" என்றாள் நெசவாளர் வீட்டுப் பெண்ணான சரசு.

"நூலுன்னு கண்டுபுடிச்சுட்டீல்ல? நாளைக்கு நீயே உருவு" என்றார் அக்கா. மறுநாளிலிருந்து அது அவள் வேலையாயிற்று. புளிக் குழம்பில் அந்தக் கிழங்கு போட்டால் களி இறங்குவதே தெரியாது.

செய்தி எங்கள் ஊரான வெண்ணந்தூருக்கு எட்டியது. எங்கள் பக்கம் கிழங்கு தோண்டித் தின்பது பஞ்சத்தில்தான். அப்பா வண்டி கட்டிக்கொண்டு என்னை அழைத்துப்போக வந்தார். போயிருந்தால் என் படிப்பு அன்றோடு முடிந்திருக்கும்.

அக்கா அவரை உட்காரவைத்து முதலில் களியும் குழம்பும் வைத்தார். அப்பா தட்டைத் தொடவில்லை.

"முள்ளுச்செடி வேரத் திங்கறதுக்கா எம்புள்ளய இங்க உட்டேனுங்க? ஊரே சிரிக்குதுங்க."

"காட்டுல தேடித் தோண்டித் தின்னாத்தானுங்க பஞ்சம். நட்டு, தண்ணி ஊத்தித் தின்னா அது வெள்ளாமைங்க. பண்ணயம் பாக்கறவரு, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அப்பா எழுந்து வேலியோரம் போனார். மண்ணைக் கையிலெடுத்துப் பிசைந்து பார்த்தார். "எரு பத்தாதுங்க" என்றார். பிறகு வந்து சாப்பிட்டார். அடுத்த வாரம் அதே வண்டியில் எரு வந்தது. நான் விடுதியிலேயே இருந்தேன்.

பி.ஏ. தேறியதைச் சொல்லப் போனபோது, "சந்தோசம் சாமி. சாப்ட்டியா?" என்றுதான் கேட்டார்.

இப்போது என் மாணவிகளின் படிப்பை நிறுத்த யாராவது வந்தால், நானும் முதலில் அவர்களை உட்காரவைக்கிறேன். சாப்பிட்டாயிற்றா என்று கேட்ட பிறகே மற்றதைப் பேசுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.

இன்னும் ஒன்று. அவர் இடத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் விடுதியை மூடிவிடலாம் என்று நிர்வாகத்தார் பேசிக்கொள்வதாகக் கேள்வி. பட்டம் வாங்கிய பெண் அடுப்படியைப் பார்ப்பாளா என்றும் கேட்கிறார்களாம். பார்ப்பேன். அந்த வேலையை எனக்குக் கொடுக்கும்படி நீங்கள் அவர்களிடம் ஆளுக்கொரு வார்த்தை சொல்லுங்கள்.